பழைய ஐரோப்பாவில் மனம் தோய்ந்த அன்பர்களுக்கு



ஐரோப்பாவின் சரித்திரத்தையும் ஐதீகங்களையும் சித்திரங்களையும், அச்சித்திரங்களில் மின்னுகிற பட்டு, வெல்வெட்டு, சரிகை உடைகளையும் ஓய்வு நேரத்தின் இன்பமாகக் கொண்டு, அன்றாட அலுவல் முடிந்து வீடு திரும்பிய பின் ஹோல்பைனின் ஓவியத் தொகுப்பையோ ஆர்தர் மன்னனின் கதையையோ மடியில் விரித்துக்கொண்டு உட்காருகிற உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன். பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில், கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புப் பட்டை அணிந்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து நின்ற அந்த மாலையிலிருந்து இன்றுவரை இந்த ரசனை என்னை விட்டு அகலவில்லை. அந்த உறவின் உரிமையில்தான் உங்களிடம் ஒரு குறையைச் சொல்லவும், முடிவில் ஒரு வேண்டுகோளை வைக்கவும் துணிகிறேன்.

நம்மைப் பார்த்துச் சுற்றத்தாரும் நண்பர்களும் கேட்கிற கேள்வியை நீங்கள் அறிவீர்கள். நம் நாட்டில் இல்லாத சிற்பமா, நம் புராணங்களில் இல்லாத கதையா, நம் தறிகளில் நெய்யாத பட்டா, இவ்வளவும் இருக்க அயலான் வீட்டு அலமாரியை எட்டிப் பார்ப்பானேன் என்று அவர்கள் கேட்கும்போது, அதில் அடிமைக் காலத்தின் மிச்சமொன்று நம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தே ஒலிக்கிறது. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஒரு மனிதன் தன் கையால் சிரத்தையோடு செய்த பொருளை, வேறொரு தேசத்தில், வேறொரு நூற்றாண்டில் பிறந்த மற்றொரு மனிதன் கண் குளிரக் கண்டு மகிழ்வதில் அடிமைத்தனம் எங்கிருந்து வந்தது? ஆயினும், பல ஆண்டுகள் யோசித்த பிறகு, அந்தப் பேச்சில் ஓர் அணுவளவு உண்மை உண்டென்றும், அந்த உண்மை நாம் எதைப் பார்க்கிறோம் என்பதில் இல்லாமல், எந்த இடத்தோடு பார்வையை நிறுத்திக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறதென்றும் எனக்குத் தோன்றுகிறது.

எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரின் பெயர்களை நம்மில் பலர் வரிசை தவறாமல் சொல்லுவோம். அந்த மன்னனின் சட்டைக் கை ஏன் அப்படிக் கீறி விடப்பட்டு, உள்ளிருக்கும் வெள்ளைத் துணி கொப்புளம் கொப்புளமாக வெளியே இழுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்லுவோம்? மகுடத்தைக் கண்டதும் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அரச சபையின் திரைக்குப் பின்னே நின்று, உள்ளே வரலாமா என்று தயங்குகிற குடிகளைப் போல நாம் அந்தச் சித்திரங்களின் முன் நிற்கிறோம். அந்தத் துணியை நெய்தவனும், வெட்டியவனும், தைத்தவளும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். அவர்கள் வழியாக உள்ளே நுழைய நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்த வாயிலை நாம் திறந்து பார்ப்பதில்லை என்பதே என் குறை.

பிரான்சு நாட்டுப் பேயூ நகரத்துக்குரிய அந்த நீண்ட சீலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1066-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் இங்கிலாந்து மன்னன் ஹரால்டு, படையெடுத்து வந்த வில்லியமிடம் தோற்று விழுந்ததையும், அதற்கு முன்னர் நடந்த பயணம், சபதம், மரணப்படுக்கை, மரம் வெட்டிக் கப்பல் கட்டுதல், வானத்தில் தோன்றிய வால்நட்சத்திரம் ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்லும் அது, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்டது. தறியில் கோலமிட்டு நெய்த திரைச்சீலை என்று பொருள்படும் ஒரு பெயரால் உலகம் அதை அழைத்து வருகிறது. உண்மையில் அது ஊசி வேலை. ஒன்பது லினன் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைத்து, அதன்மேல் கம்பளி நூலால் தைத்த பூத்தையல். அந்த நூல்களின் நிறங்களெல்லாம் மூன்று செடிகளிலிருந்து பிறந்தவை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். சிவப்பைத் தந்தது நம்முடைய மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேர். மஞ்சள், வெல்டு என்னும் ஒரு செடியிலிருந்து வந்தது. நீலத்தைத் தந்த வோடு என்ற கீரை போன்ற செடியின் இலையில் இருப்பது, நம் அவுரியில் இருக்கிற அதே நீலச்சத்துத்தான். குதிரையின் சில கால்கள் நீலமாகவும் உடல் சிவப்பாகவும் இருப்பதைக் கண்டு குழந்தைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அருகிலிருக்கும் கால் ஒரு நிறம், அப்பாலிருக்கும் கால் ஒரு நிறம் என்று, தூரத்தை நிழலால் காட்ட இயலாத இடத்தில் வண்ணத்தால் காட்டிய உபாயம் அது.

தையலின் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உருவத்தின் விளிம்பு முழுவதும் காம்புத் தையலால் வரையப்பட்டிருக்கிறது. உள்ளே நிரப்ப வேண்டிய இடத்தில், கம்பளி நூலை ஒரே திசையில் நெருக்கமாகப் பரப்பி, அதன் குறுக்கே இடைவெளி விட்டு வேறு நூல்களைக் கிடத்தி, அக்குறுக்கு நூல்களைச் சிறு சிறு தையல்களால் துணியோடு பிணைத்திருக்கிறார்கள். இவ்வாறு செய்வதால் நூல் பெரும்பாலும் துணியின் முகப்பிலேயே தங்கிவிடுகிறது. பின்புறம் ஓடி வீணாவதில்லை. ஆட்டின் முதுகிலிருந்து மயிரைக் கத்தரித்து, சிக்கெடுத்து, கையால் நூற்று, சாயத் தொட்டியில் தோய்த்து எடுத்த நூலின் அருமை தெரிந்தவர்களே இப்படித் தைப்பார்கள். வீட்டில் எண்ணெயை அளந்து ஊற்றுகிற கையின் சிக்கனம் அந்தச் சீலை முழுவதிலும் ஓடுகிறது என்பதை நான் உணர்ந்த நாளில், வில்லியமும் ஹரால்டும் என் மனத்தில் சற்றுப் பின்னே நகர்ந்துவிட்டார்கள்.

அந்தச் சீலையை வில்லியமின் மனைவி மத்தில்டா அரசியும் அவள் தோழியரும் தைத்தார்கள் என்ற ஐதீகம் பிரெஞ்சு நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்தது. போருக்குப் போன கணவனின் வெற்றியை அந்தப்புரத்தில் அமர்ந்து தைக்கும் அரசியின் உருவம் யாருக்குத்தான் இனிக்காது? நானும் அதை நம்பியிருந்தேன். அக்கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அறிஞர்களில் பெரும்பாலோர் இன்று ஏற்பது வேறு. வில்லியமின் தாய்வழிச் சகோதரரும் பேயூ நகரத்து ஆயருமான ஓடோவுக்காக, வெற்றி கொள்ளப்பட்ட இங்கிலாந்திலேயே, பெரும்பாலும் கேன்டர்பரிப் பகுதியில், அந்நாட்டுத் தையற்காரர்களால் அது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தோற்ற நாட்டின் கைகள் தம் தோல்வியைத் தாமே தைத்திருக்கின்றன. அக்காலத்து இங்கிலாந்தில் ஊசி வேலைக்குப் பேர் பெற்றவர்கள் பெண்கள். அறுநூறுக்கு மேற்பட்ட மனித உருவங்கள் நிறைந்த அச்சீலையின் நடுப்பட்டையில் இடம் பெற்ற பெண்களோ மூவரே. அவர்களில் ஒருத்தி, தீ வைக்கப்பட்ட வீட்டிலிருந்து குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறாள். அந்த உருவத்தைத் தைத்தவளின் மனத்தில் அப்போது என்ன ஓடிற்று என்பதை எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. அரசியின் கதை ஒரு வீட்டுத் திரையைப் போல அவளை மறைத்துவிட்டது.

ஹரால்டின் கண்ணில் அம்பு பாய்ந்தது என்ற கதையும் அந்தச் சீலையைக் காட்டியே சொல்லப்படுகிறது. 1729-இல் ஓர் ஓவியர் அதைப் பார்த்து வரைந்த பிரதியில் அந்தக் கோலுக்கு இறகுகள் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சீலை பழுது பார்க்கப்பட்டபோது சேர்ந்த நூல்களே இன்று நாம் காணும் அம்புக்கு அம்பின் வடிவத்தைத் தந்தன என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. உலகப் பிரசித்தி பெற்ற ஒரு மரணத்தின் வழக்கு, சில தையல் துளைகளைக் கொண்டு விசாரிக்கப்பட வேண்டியதாயிருக்கிறது! ஊசியின் பாதையைப் பார்க்கத் தெரியாதவர் அவ்விசாரணையில் வாய் திறக்கவும் முடியாது.

இவ்வளவு சொன்னதும், ஐதீகங்களையெல்லாம் பொய்யென்று தள்ளிவிடச் சொல்லுகிறேன் என்று நீங்கள் வருந்த வேண்டாம். கதையை இழந்த சரித்திரம் எனக்கும் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கதையும் எந்தக் காலத்தில், யார் வாயிலிருந்து புறப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். விஞ்செஸ்டர் மண்டபத்துச் சுவரில் தொங்குகிற வட்ட மேசையை ஆர்தரின் மேசையென்று வணங்கியவர்கள் உண்டு. ஐந்தரை மீட்டர் குறுக்களவும் 1,200 கிலோ எடையும் கொண்ட அந்த ஓக் மரப் பலகை, 13-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. இன்று அதன்மேல் காணும் வண்ணத்தை எட்டாம் ஹென்றியின் காலத்தில் பூசினார்கள். நடுவே டியூடர் வம்சத்தின் ரோஜாவும், அரியணையில் அந்த ஹென்றியின் சாயலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆர்தரைப் பற்றி அம்மேசை ஒன்றும் சொல்லாது. ஆர்தரின் புகழைத் தன் மேல் போர்த்திக்கொள்ள விரும்பிய ஒரு மன்னனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும். அதைக் கேட்கும் செவி இருந்தால், கதை பொய்யாகிப்போன இடத்திலும் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். வைக்கிங் வீரர்களின் தலையில் கொம்பு வைக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூட விழாவில், எவ்வளவோ ஆசையோடு பிள்ளைகளுக்குக் கொம்புத் தொப்பி செய்து சூட்டியிருந்ததைப் பார்த்து நான் மனம் நொந்தேன். அந்தக் கொம்புகள் 1876-இல் வாக்னரின் இசை நாடகத்துக்காக டோப்ளர் என்னும் உடைச் சித்திரகாரர் வகுத்த வேடத்தின் வழியே உலகமெங்கும் பரவியவை. 1943-இல் நார்வேயில் கண்டெடுத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை.

சித்திரங்களில் உள்ள உடையை நாம் எப்படிப் படிக்கிறோம்? யான் வான் ஐக் 1434-இல் தீட்டிய, லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும் ஆர்னோல்பீனித் தம்பதியரின் சித்திரத்தை உங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்தப் பச்சை உடைப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். சற்று அருகே செல்லுங்கள். தரையில் புரளுமளவு நீண்ட கம்பளி உடையை அவள் கையால் திரட்டி வயிற்றின்மேல் பிடித்திருக்கிறாள். உள்ளே வெண்மையான மென்மயிர்த் தோல் புறணியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. நடக்கவே இடையூறாக இருக்கும் அளவுக்குத் துணியைச் செலவிட முடியும் என்பதுதான் அந்த வீட்டின் செல்வப் பிரகடனம். அவள் உடையில் பட்டில்லை, நகையும் மிகுதியில்லை. கம்பளியும் மென்மயிரும் சாயமுமே பேசுகின்றன. நெசவினாலும் கம்பளி வாணிபத்தினாலும் வாழ்ந்த பிளாண்டர்ஸ் நாட்டில், அந்த மொழி எல்லோருக்கும் புரிந்த மொழி.

அரசர்களின் உடைகளோ பெரும்பாலும் அழிந்தன. பழசானவற்றைப் பிரித்து வேறொன்றாகத் தைத்தார்கள், பணியாளருக்குக் கொடுத்தார்கள், சரிகையை உருக்கி வெள்ளியெடுத்தார்கள். முதலாம் எலிசபெத்தின் பெட்டிகளில் நிறைந்திருந்த எண்ணற்ற உடைகளில் ஒன்றேனும் முழுமையாக எஞ்சவில்லை. ஹெரிபோர்டுஷயரில் பேக்டன் என்னும் சிற்றூர்க் கோயிலில், பீடத்தை மூடும் விரிப்பாக இருந்து, பின்னர் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நெடுநாள் தொங்கிய ஒரு துணி, அவளுடைய உடையொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று அண்மைக் காலத்தில்தான் கண்டறிந்தார்கள். வெள்ளியிழை பாய்ந்த அதன் பட்டில், பூக்களும் செடிகளும் சிறு பிராணிகளும் தைக்கப்பட்டிருக்கின்றன. துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய அமைப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் கண்ணுக்குத்தான் அது, ஒரு காலத்தில் உடம்பின்மேல் கிடந்த துணி என்று புலப்பட்டது.

அரசியின் உடை போயிற்று. குடியானவளின் உடை இருந்தது. கிரீன்லாந்தின் தென்முனையில், ஹெர்யோல்ப்ஸ்நெஸ் என்ற இடத்தில், நார்வே வழியினர் குடியேறி வாழ்ந்து 15-ஆம் நூற்றாண்டில் சுவடின்றி மறைந்த ஓர் ஊரின் இடுகாட்டை, 1921-இல் டேனிஷ் ஆராய்ச்சியாளர் பவுல் நூர்லண்டு தோண்டினார். பெட்டி செய்ய மரம் அரிதான அந்நாட்டில், இறந்தவர்கள் பலரை அவர்களுடைய பழைய உடைகளாலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அவற்றைக் காத்தது. நிலத்துச் செடிகளின் மெல்லிய வேர்கள் துணியின் இழைகளுக்கிடையே புகுந்து படர்ந்திருந்தன. நீண்ட அங்கிகள், நீண்ட வாலுடன் கூடிய தலைமூடிகள், காலுறைகள் என்று அவர் வெளியே எடுத்தவை, இன்று கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மத்திய காலத்து ஐரோப்பியச் சாமானியர்களின் உடைத் தையலை அறிய விரும்புகிறவருக்கு அவற்றைக் காட்டிலும் மேலான சாட்சியம் அதிகமில்லை. துணியை நேராக வெட்டி, இடுப்புக்குக் கீழே அகலம் வேண்டிய இடத்தில் முக்கோணத் துண்டுகளைச் செருகி, ஒரு விரற்கடையும் வீணாகாமல் அவர்கள் தைத்திருக்கிற விதத்தைப் படத்தில் பார்த்த பொழுதெல்லாம் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. கடுங்குளிரில், சொந்தமாக வளர்த்த ஆட்டின் மயிரைக் கொண்டு, கல்லைத் தொங்கவிட்டு இழை இறுக்கிய நேர்நிலைத் தறியில் நெய்த துணி அது. இத்துணை சிரமத்தின் நடுவிலும், அப்பால் ஐரோப்பாவில் வழங்கிய நீண்ட தலைமூடியின் மோஸ்தரை அவர்கள் விடாமல் பின்பற்றியிருக்கிறார்கள். அழகின்மேல் மனிதருக்கு உள்ள பற்றை நான் வேறெந்த அரண்மனையிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

நமக்கென்று இதில் ஒரு தனிக் கடமையும் இருக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய உடைகளில் பூக்கள் சொரிந்தாற்போலத் தோன்றும் அந்தப் பருத்தித் துணி எங்கிருந்து போயிற்று? சோழமண்டலக் கரையிலிருந்து, நம்முடைய துறைமுகங்கள் வழியாகப் போயிற்று. சாயவேரின் சிவப்பும், அவுரியின் நீலமும் எத்தனை முறை துவைத்தும் வெளுக்காததைக் கண்டு ஐரோப்பா மயங்கியது. தங்கள் பட்டு, கம்பளித் தொழில் அழிந்துவிடுமென்று அஞ்சிப் பிரெஞ்சு அரசு 1686-இல் அத்துணியைத் தடுத்தது. அந்தத் தடை 1759 வரை நின்றது. இங்கிலாந்தில் 1719-இல் நெசவாளர்கள் தெருவில் அத்துணி அணிந்து சென்ற பெண்களின் உடையைக் கிழித்தார்கள். அதன்பின் அதை உடுத்துவதையே சட்டம் தடுத்தது. ஹாலந்தின் ஹிண்டலோப்பன் ஊரில் அத்துணியாலான நீண்ட மேலங்கி அவ்வூர்ப் பெண்களின் மரபுடையாகவே ஆயிற்று. நம் கரையில் வாழ்ந்த கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைப்பது முதலாக அத்தொழிலின் படிகளை விசாரித்தறிந்து 1742-இல் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். கடுக்காய்க்கும் சாயவேருக்கும் நம் மொழியில் வழங்கும் பெயர்களே அக்கடிதத்தில் பிரெஞ்சு எழுத்தில் ஏறியிருக்கின்றன. அத்தொழிலை அவருக்குச் சொல்லிக் கொடுத்த கைகளின் பெயர்கள் ஏறவில்லை. ஆகையால், ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியின் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறபோது, அவளுடைய பாவாடையில் உங்கள் ஊர்க் கடுக்காயின் துவர்ப்பு இருக்கக்கூடும் என்பதை நீங்கள் மறக்கலாகாது. அயலான் வீட்டு அலமாரி என்று நம்மைப் பழித்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனி என் வேண்டுகோள். அடுத்த முறை ஒரு சித்திரத்தைத் திறக்கும்பொழுது, முகத்தைப் பார்க்கும் முன் கையருகே உள்ள துணியைப் பாருங்கள். அது கம்பளியா, பட்டா, லினனா, எங்கே தைத்திருக்கிறது, எங்கே கட்டியிருக்கிறது, எந்தச் சாயம் அந்த நிறத்தைத் தந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு கதையை மற்றொருவருக்குச் சொல்லுமுன், அது முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் ஏறியது என்று தேடி, அந்த ஆண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பழங்கால உடை தைத்து அணிந்து மகிழும் இளைஞர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் குறிப்பாகக் கேட்கிறேன். இந்த ஆண்டு அரசியின் உடையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஹெர்யோல்ப்ஸ்நெஸ் குடியானவளின் அங்கியை வெட்டித் தையுங்கள். தைக்கத் தெரியாதவர்கள் ஒரு சாண் துணியில், கம்பளி நூலைப் பரப்பி, குறுக்கு நூலிட்டு, பேயூச் சீலையின் முறையில் ஓர் இலையையேனும் நிரப்பிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது முழுவதும் சென்ற பின் உங்கள் முன் இருக்கிற அந்த ஓர் இலையையும், 70 மீட்டரையும் மனத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்தவர்கள் முன்னரே இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லீக் என்னும் சிறு பட்டுத்தொழில் நகரத்தில், எலிசபெத் வார்டில் என்ற அம்மையார், பேயூச் சீலைக்கு ஒரு முழுப் பிரதி தம் நாட்டுக்கும் வேண்டுமென்று கருதி, 1885-இல் முப்பத்தைந்து பெண்களைக் கூட்டித் தையலைத் தொடங்கினார். நம் நாட்டுப் பட்டையும் சாயங்களையும் ஆராய்ந்தவரான அவர் கணவர் தாமஸ் வார்டில், இயற்கைச் சாயத்தில் தோய்த்த கம்பளி நூலைத் தந்தார். ஏறத்தாழ ஓர் ஆண்டுக் காலத்தில் வேலை முடிந்தது. இன்று அந்தப் பிரதி ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும், தான் தைத்த பகுதியின் அடியில் தன் பெயரையும் தைத்திருக்கிறாள். அதன் படங்கள் உங்கள் கைக்கு வரும் நாளில், வில்லியமையும் ஹரால்டையும் தேடுவதற்கு முன், அந்த அடிக்கரையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள்.